சனிக்கிழமை காலை நான்கு மணி நேரம்: ஃபாக்ஸ் நெட்வொர்க் கார்ட்டூனைக் கைவிட்டது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது என்ன

2009 ஜனவரி 3, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஃபாக்ஸ் நெட்வொர்க்கில் 18 வருஷமாகக் காலையில் கார்ட்டூன் ஓடிய நேரத்தில் அன்று டெலிஷாப்பிங் ஓடியது. நான்கு மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தை நெட்வொர்க் பொருள் விற்கும் கம்பெனிகளுக்குக் கொடுத்தது, மீதி இரண்டை உள்ளூர் ஸ்டேஷன்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு காலத்தில் அமெரிக்கக் குழந்தைகளிடம் முதலிடத்தில் இருந்த நேரம் அது.

கேபிள் வந்தது, இன்டர்நெட் வந்தது, அதனால் முடிந்தது என்று இதை ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். பொய் இல்லை. ஆனால் கேபிள் எல்லா நெட்வொர்க்குக்கும்தான் வந்தது. ஃபாக்ஸ் கையில் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாமல் போனதற்குக் கேபிளை மட்டும் காரணம் சொன்னால் கணக்கு சரியாக வராது. நிகழ்ச்சிகளின் உரிமையை முதலில் விற்றார்கள், பிறகு வெறும் நேரத்தை வாடகைக்கு விட்டார்கள், அந்த வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. இந்த மூன்றும் வரிசையாக எப்படி நடந்தன என்பதுதான் இந்த ஆய்வு. ஆட்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், பதவியும் நிறுவனமும் போதும். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

பின்னணி

அமெரிக்க டிவி எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் சேனல் மாதிரி ஒரே இடத்திலிருந்து நாடு முழுக்க ஒளிபரப்பாவது கிடையாது. ஊருக்கு ஊர் தனித்தனி ஸ்டேஷன்கள், பெரும்பாலானவற்றுக்கு வேறு முதலாளிகள். நெட்வொர்க் நிகழ்ச்சியை அனுப்பும், ஸ்டேஷன் ஒப்பந்தப்படி ஒளிபரப்பும். நெட்வொர்க் சொந்தமாக வைத்திருக்கும் ஸ்டேஷன்கள் சில பெரிய நகரங்களில் மட்டும்தான். ஆக, ஒரு நிகழ்ச்சி ஏதாவது ஓர் ஊரில் வீட்டுத் திரைக்கு வர வேண்டுமானால் அந்த ஊர் ஸ்டேஷன் மேலாளர் சரி என்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை கார்ட்டூனுக்கு என்று ஒதுங்கியது 1960களின் நடுவில். பெரியவர்கள் டிவி பக்கம் வராத நேரம், விலையும் மலிவு. பொம்மைக் கம்பெனியும் சீரியல் கம்பெனியும் (காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலைச் சொல்கிறேன்) விளம்பரத்துக்கு வரிசையில் நின்றன. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மூன்றும் இருபது வருஷத்துக்கு மேல் இதில் போட்டி போட்டன. ஃபாக்ஸ் நான்காவதாக 1986 அக்டோபரில் வந்த புது நெட்வொர்க்.

1990 முதல் 1993 வரை: ஏறுமுகம்

ஃபாக்ஸின் குழந்தைகள் பிரிவு ஒரு சண்டையில் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் டிஸ்னி சொந்தமாக ஒரு ஸ்டேஷனை வாங்கி, அதுவரை ஃபாக்ஸின் ஸ்டேஷனில் ஓடிக்கொண்டிருந்த தன் கார்ட்டூனை அங்கே எடுத்துப்போனது. அந்த உரசலில் ஃபாக்ஸ் நிர்வாகம் நாமே ஒரு குழந்தைகள் நெட்வொர்க் நடத்திவிடலாம் என்று இறங்கியது. 1990 செப்டம்பர் 8 அன்று தொடங்கினார்கள்.

அப்போது எடுத்த ஒரு முடிவு முக்கியமானது. இதை ஃபாக்ஸ் தனியாக நடத்தவில்லை, உள்ளூர் ஸ்டேஷன்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டது. கார்ட்டூன் நன்றாக ஓடினால் ஸ்டேஷனுக்கும் லாபம். அதனால் ஒளிபரப்புங்கள் என்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

1992 செப்டம்பரில் பேட்மேன், அக்டோபர் கடைசியில் எக்ஸ்-மென், 1993 ஆகஸ்ட் 28 அன்று பவர் ரேஞ்சர்ஸ். கடைசியாகச் சொன்னது சபான் என்ற கம்பெனியின் தயாரிப்பு. ஜப்பானியத் தொடரின் சண்டைக் காட்சிகளை வாங்கி, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டியது. பல வருஷம் பல கதவுகளைத் தட்டியும் யாரும் வாங்காத சரக்கை, ஃபாக்ஸ் குழந்தைகள் பிரிவை நடத்திய பெண் நிர்வாகி துணிந்து எடுத்தார். அது பெரிய ஹிட், பொம்மைகள் கடையில் கிடைக்காமல் பெற்றோர் அலைந்தார்கள். வார நாள் மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் கார்ட்டூன் இருந்ததால் ஒன்று மற்றொன்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. மாலையில் பார்த்த பையனுக்குச் சனிக்கிழமை என்ன வருகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

இதே சமயம் என்பிசி எதிர்த் திசையில் போனது. 1992-ல் சனிக்கிழமை கார்ட்டூனை நிறுத்திவிட்டு, காலைச் செய்தி நிகழ்ச்சியும் பதின்வயதினருக்கான தொடர்களும் போட ஆரம்பித்தது. அப்போது பலர் அதை வித்தியாசமாகப் பார்த்திருப்பார்கள், பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த வழிக்கே வந்தார்கள்.

1994 முதல் 1998 வரை: குறுக்கே வந்த கால்பந்து

1993 டிசம்பரில் சிபிஎஸ்ஸிடமிருந்து அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஒளிபரப்பு உரிமையை ஃபாக்ஸ் பறித்தது. நான்கு வருஷத்துக்கு 158 கோடி டாலர். கால்பந்து வந்ததும் பெரிய ஸ்டேஷன்கள் தேவைப்பட்டன. 1994 மே மாதம் நியூ வேர்ல்ட் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, வருஷக்கணக்கில் வேறு நெட்வொர்க்குகளோடு இருந்த அதன் 12 ஸ்டேஷன்களைத் தன் பக்கம் இழுத்தது. இன்றும் அமெரிக்க டிவி வரலாற்றில் பெரிய கட்சி மாறலாக இதைத்தான் சொல்வார்கள்.

இதில் கார்ட்டூனுக்கு என்ன சம்பந்தம் என்றால், அந்த ஸ்டேஷன்கள் செய்தியில் பேர் வாங்கியவை. மாலையிலும் வார இறுதிக் காலையிலும் அவற்றுக்குச் செய்திதான் வியாபாரம். பவர் ரேஞ்சர்ஸை வைத்து என்ன செய்வது என்று அவற்றின் மேலாளர்கள் யோசித்ததில் தப்பே இல்லை. பெரும்பாலானவை ஃபாக்ஸ் கார்ட்டூனை ஏற்கவில்லை. அந்த ஊர்களில் கார்ட்டூன் வேறு சின்ன ஸ்டேஷனுக்குப் போனது. பவர் ரேஞ்சர்ஸ் உச்சத்தில் இருந்த சமயம், எந்தச் சின்ன ஸ்டேஷனும் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும், அதனால் இது அப்போது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. ஆனால் ஃபாக்ஸின் நிகழ்ச்சி ஃபாக்ஸ் ஸ்டேஷனில் வராது என்ற நிலைமை அன்றைக்குத்தான் தொடங்கியது. பதினான்கு வருஷம் கழித்து வந்த தகராறு இந்த இடத்தில்தான் மையம் கொண்டது.

அடுத்தது 1990களின் நடுவில் ஃபாக்ஸின் குழந்தைகள் பிரிவும் சபானும் கைகோத்தது. 1997-ல் அந்தக் கூட்டு நிறுவனம் சுமார் 190 கோடி டாலருக்கு ஒரு குடும்ப கேபிள் சேனலின் தாய் நிறுவனத்தை வாங்கியது. 1998-ல் ஸ்டேஷன்களின் கார்ட்டூன் பங்கை ஃபாக்ஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. கால்பந்து உரிமைக்கு ஸ்டேஷன்களும் பணம் போட வேண்டும் என்ற பேரத்தின் ஒரு பகுதி அது. ஆக, 1990-ல் ஸ்டேஷன்களைக் கார்ட்டூனோடு கட்டிப்போட்ட கயிறு கால்பந்துக்காக அவிழ்ந்தது. கணக்காளர் பார்வையில் நல்ல பேரம்தான், ஆனால் அதற்கப்புறம் ஸ்டேஷன் மேலாளர் கார்ட்டூன் மேல் அக்கறை வைக்க ஒரு காரணம் குறைந்தது.

அரசு விதியும் சேர்ந்துகொண்டது. 1990-ல் வந்த குழந்தைகள் டிவி சட்டம் குழந்தைகள் நிகழ்ச்சியில் வார இறுதியில் மணிக்கு பத்தரை நிமிடம், வார நாளில் 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு வரம்பு வைத்தது. 1996-ல் ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த விதியைப் போட்டது: 1997 இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனும் வாரம் மூன்று மணி நேரம் கல்வி சார்ந்த குழந்தைகள் நிகழ்ச்சி போட வேண்டும். பொறுப்பு ஸ்டேஷனுக்கு, நெட்வொர்க்குக்கு அல்ல. சண்டைக் கார்ட்டூன் இந்தக் கணக்கில் சேராது. கார்ட்டூனுக்கும் இடம் கொடுத்து, கல்விக்கும் மூன்று மணி நேரம் கொடுத்து, நடுவில் செய்தியும் போட வேண்டிய ஒரு மேலாளர் எதை முதலில் வெட்டுவார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

1999: போக்கிமான்

ஃபாக்ஸ் தொடங்கியபோது அந்த நெட்வொர்க்கின் தலைவராக இருந்தவர் பின்னாளில் விலகி டபிள்யூபி என்ற போட்டி நெட்வொர்க்கை ஆரம்பித்தார். 1995 செப்டம்பரில் அதற்கும் ஒரு குழந்தைகள் பிரிவு வந்தது. 1999 பிப்ரவரியில் அங்கே போக்கிமான் வந்ததும் ஆட்டம் மாறியது. ஃபாக்ஸ் அதே ஆகஸ்டில் டிஜிமானோடு பதில் கொடுத்தது. நல்ல தொடர்தான் (டிஜிமானே மேல் என்று சண்டைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கு அதில் பாதி உடன்பாடு), ஆனால் துரத்திப் பிடிக்கும் இடத்தில் ஃபாக்ஸ் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கம் நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க், டிஸ்னி சேனல். இவற்றுக்குச் சந்தாவிலும் பணம், நிக்கலோடியனுக்கும் கார்ட்டூன் நெட்வொர்க்குக்கும் விளம்பரத்திலும் பணம். நாள் முழுக்கக் கார்ட்டூன், சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் விளம்பரத்தை நம்பி ஓடும் ஒரு பிரிவு இதோடு போட்டி போடுவது வருஷத்துக்கு வருஷம் கடினமானது.

2001: முதல் முடிவு, விற்றுவிடுவது

2001 ஜூலையில் ஃபாக்ஸும் சபானும் சேர்ந்து நடத்திய நிறுவனத்தைக் கடன்களோடு சேர்த்து சுமார் 530 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. எந்த டிஸ்னியோடு முட்டிக்கொண்டு இந்தப் பிரிவு பிறந்ததோ, அதே டிஸ்னி.

விற்றவர்களின் பார்வையில் இது புத்திசாலித்தனம். ரேட்டிங் இறங்குகிறது, கேபிள் சேனல் எதிர்பார்த்த அளவு எழவில்லை, வாங்க வருபவர் பெரிய தொகை தருகிறார். அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தால் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தொகைக்குள் எவையெல்லாம் போயின என்று பார்க்க வேண்டும்: கேபிள் சேனல், பவர் ரேஞ்சர்ஸ், எக்ஸ்-மென், ஸ்பைடர்மேன் தொடர்கள், வெளிநாட்டுச் சேனல்கள். நம் ஊரில் 2000களின் நடுவில் ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் தமிழ் டப்பிங்கோடு பவர் ரேஞ்சர்ஸ் பார்த்தவர்கள் இந்த விற்பனையின் விளைவைத்தான் பார்த்தார்கள், ஜெட்டிக்ஸ் டிஸ்னி வைத்த பெயர்.

ஃபாக்ஸிடம் மிஞ்சியது நேரம் மட்டும். வார நாள் மாலை நேரத்தை 2001 கடைசியோடு ஸ்டேஷன்களுக்கே விட்டுவிட்டது. சனிக்கிழமை காலை நான்கு மணி நேரத்தை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

2002: இரண்டாம் முடிவு, குத்தகைக்கு விடுவது

மூன்று வழி இருந்தது. புதிதாகத் தயாரிப்புப் பிரிவு தொடங்குவது. பணமும் வருஷங்களும் பிடிக்கும், இப்போதுதான் அதை விற்று வெளியே வந்திருக்கிறார்கள். ஸ்டேஷன்களிடம் நேரத்தைத் திருப்பிக் கொடுப்பது, வருமானம் பூஜ்யம். மூன்றாவது, யாராவது வாடகை கொடுத்தால் அவர்களே நிகழ்ச்சியும் போட்டு விளம்பரமும் விற்றுக்கொள்ளட்டும் என்று விடுவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002 ஜனவரியில் 4கிட்ஸ் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் நான்கு வருஷத்துக்கு 10.12 கோடி டாலர் கொடுத்து எடுத்தது, அதாவது வருஷத்துக்கு 2.53 கோடி.

இந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் குத்தகைக்காரரின் நிலைமை புரியும். வாரம் 4 மணி நேரம், வருஷத்துக்கு 208 மணி நேரம். மணிக்கு சுமார் 1,21,600 டாலர் வாடகை. சட்டப்படி மணிக்குப் பத்தரை நிமிட விளம்பரம், அதாவது 30 விநாடி விளம்பரம் 21. அத்தனையும் தன் கையில் இருந்து, ஒன்றுகூட மிச்சமில்லாமல் விற்றால்கூட, ஒவ்வொன்றும் 5,800 டாலருக்கு அருகில் போனால்தான் வாடகையே தேறும். டப்பிங் செலவு, தயாரிப்புச் செலவு, விற்பனை ஆட்களின் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

அப்படியானால் ஏன் எடுத்தார்கள்? 4கிட்ஸ் அடிப்படையில் லைசன்ஸ் கம்பெனி. பொம்மை, சட்டை, டிபன் பாக்ஸ் என்று கதாபாத்திரத்தின் உருவத்தை எங்கெங்கே போடலாமோ அங்கெல்லாம் உரிமம் விற்று அதில் பங்கு எடுப்பது அதன் தொழில். போக்கிமானை அமெரிக்காவில் டப் செய்ததும், அதன் உரிமங்களை விற்றதும் இவர்கள்தான். அவர்களுக்கு நான்கு மணி நேரம் என்பது கடையின் முன்பக்கக் கண்ணாடி அலமாரி மாதிரி, அலமாரியில் நஷ்டம் வந்தாலும் கல்லாவில் வந்துவிடும் என்ற கணக்கு. நம்பக்கூடிய கணக்குதான், ஒவ்வொரு வருஷமும் ஒரு பொம்மை ஓட வேண்டும் என்பதைத் தவிர.

முதல் நாளிலேயே கண்ணில் பட வேண்டிய ஒரு சங்கடமும் இருந்தது. இவர்களின் மிகப் பெரிய இரண்டு தொடர்கள், போக்கிமானும் யு-கி-ஓவும், டபிள்யூபியின் சனிக்கிழமை காலையில் ஓடிக்கொண்டிருந்தன. தான் வாடகை கட்டும் நேரத்துக்கு எதிராகத் தன் சொந்தச் சரக்கே நிற்கிறது. இங்கே ரேட்டிங் ஏறினால் அங்கே இறங்கும், எப்படிப் பார்த்தாலும் பாதி நஷ்டம் தனக்குத்தான்.

2002 முதல் 2007 வரை: குத்தகைக் காலம்

2002 செப்டம்பர் 14 அன்று ஃபாக்ஸ்பாக்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. முதல் வரிசையில் கிர்பி, அல்டிமேட் மசில், ஃபைட்டிங் ஃபூடான்ஸ், அல்ட்ராமேன் டிகா என்று ஜப்பான் சரக்கு நிறைய. பாதி ஓடவில்லை. 2003 பிப்ரவரியில் வந்த நிஞ்சா ஆமைகளின் புதுத் தொடர்தான் நிமிர வைத்தது. அது 4கிட்ஸின் சொந்தத் தயாரிப்பு, கதையில் கனம் இருந்தது, பொம்மையும் விற்றது. அதே வருஷம் சோனிக் எக்ஸ், அடுத்த வருஷம் விங்க்ஸ் கிளப் என்று சில நல்ல வரவுகள்.

2004 செப்டம்பரில் வந்த ஒன் பீஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் லைசன்ஸ் கம்பெனி கையில் நிகழ்ச்சித் தேர்வு போனால் என்ன ஆகும் என்பதற்கு அது நேரடி உதாரணம். ஜப்பானில் வளரும் பையன்களும் பெரியவர்களும் பார்த்த கடற்கொள்ளையர் கதை. அமெரிக்கச் சனிக்கிழமை காலைக்கு ஏழு வயதுக் குழந்தையும் பார்க்கும்படி அதை வெட்டினார்கள். ஒரு முக்கியப் பாத்திரத்தின் வாயில் இருந்த சிகரெட் லாலிபாப் ஆனது, துப்பாக்கிகளுக்கு வேறு நிறமும் வேறு உருவமும் வந்தன, அத்தியாயங்கள் சுருங்கின. விதிமுறைக்கும் விளம்பரதாரருக்கும் பயந்து செய்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தொடரை ஏற்கெனவே தெரிந்த ரசிகர்கள் கோபத்தில் விலகினார்கள், சின்னக் குழந்தைகளுக்கோ கதை பிடிபடவில்லை. 2006 கடைசியில் கைவிட்டார்கள், அடுத்த வருஷம் ஃபனிமேஷன் அதை எடுத்துப் பெரிய ரசிகர்களுக்கு ஏற்ற மாதிரி திரும்ப டப் செய்தது. பொம்மை விற்குமா என்று மட்டும் பார்த்துத் தொடரை வாங்கி, நேரத்துக்குப் பொருந்துகிறதா என்று பிறகு யோசித்ததன் விலை அது.

2005 ஜனவரியில் ஃபாக்ஸ்பாக்ஸ் என்ற பெயர் 4கிட்ஸ் டிவி என்று மாறியது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதுவரை பெயரிலாவது ஃபாக்ஸ் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஒரு குழந்தை இந்த நேரத்தை விரும்பினால் அந்த விருப்பம் குத்தகைக்காரரின் பெயரோடு ஒட்டும், நெட்வொர்க்கோடு ஒட்டாது.

நான்கு வருஷம் முடிந்ததும் மேலும் இரண்டு வருஷம் நீட்டினார்கள், வாடகை வருஷத்துக்கு 2 கோடி டாலராக இறங்கியது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இந்த நேரத்தின் மதிப்பு எந்தத் திசையில் போகிறது என்பதை இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது. அந்த இடத்தில் ஃபாக்ஸ் நிர்வாகம் நின்று அடுத்து என்ன என்று யோசித்திருக்கலாம். வெளியே தெரியும்படி ஒன்றும் நடக்கவில்லை. 4கிட்ஸுக்கும் அதே வருஷம் ஒரு அடி, போக்கிமான் டப்பிங் அவர்கள் கையை விட்டுப் போனது.

2008: தகராறு

டபிள்யூபியும் யுபிஎன்னும் 2006-ல் இணைந்து தி சிடபிள்யூ என்ற நெட்வொர்க் ஆகியிருந்தன. அதுவும் தன் சனிக்கிழமை காலையைக் குத்தகைக்கு விட முடிவு செய்து, 4கிட்ஸிடமே கொடுத்தது. 2008 மே 24 முதல் ஒரே கம்பெனி, ஒரே காலை நேரத்தில், எதிரெதிர் நெட்வொர்க்குகளில் இரண்டு கார்ட்டூன் வரிசைகளை நடத்தியது. ஒரு தரப்பு கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும் என்ற பலம் 4கிட்ஸுக்கு வந்துவிட்டது என்று நான் இதைப் படிக்கிறேன்.

அதே காலத்தில் ஃபாக்ஸுக்கும் 4கிட்ஸுக்கும் இடையே மோதல் வெளியே வந்தது. 4கிட்ஸ் வாடகையைக் கட்டவில்லை என்பது ஃபாக்ஸின் புகார். ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு ஊர்களில் ஒளிபரப்பே கிடைக்கவில்லை, ஸ்டேஷன்கள் எடுக்காத இடங்களுக்கு நெட்வொர்க் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்பது 4கிட்ஸின் புகார். 1994-ல் தொடங்கியதாகச் சொன்னேனே, ஃபாக்ஸ் நிகழ்ச்சி ஃபாக்ஸ் ஸ்டேஷனில் வராத நிலைமை, அது இங்கே பணக் கணக்காக வந்து நின்றது. பவர் ரேஞ்சர்ஸ் இருந்தபோது சின்ன ஸ்டேஷன்கள் கை நீட்டின. இப்போது அந்த ஈர்ப்பு இல்லை.

2008 நவம்பரில் சமரசம். டிசம்பர் 27 கடைசி ஒளிபரப்பு. அது நிதி நெருக்கடியின் நடுப்பகுதி, விளம்பரதாரர்கள் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரம், புதுக் குத்தகைக்காரர் வரிசையில் வந்து நின்றிருக்க வாய்ப்பு குறைவு. டெலிஷாப்பிங்காரர்கள் மட்டும் எந்தக் காலத்திலும் பணத்தோடு வருவார்கள், வந்தார்கள்.

பிறகு நடந்தது

4கிட்ஸ் சிடபிள்யூவில் தொடர்ந்தது. 2011 மார்ச்சில் யு-கி-ஓவின் ஜப்பானிய உரிமையாளர்கள் பங்குத்தொகை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள், ஏப்ரல் 6 அன்று 4கிட்ஸ் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2012-ல் அதன் சொத்துக்களைக் கொனாமியும் சபானின் துணை நிறுவனமும் பங்கு போட்டுக்கொண்டன. யு-கி-ஓ கொனாமிக்கு, சிடபிள்யூவின் சனிக்கிழமை காலை சபான் பக்கத்துக்கு. ஆமாம், அதே சபான்தான்: பழைய கம்பெனியை விற்ற பிறகு அதன் நிறுவனர் தொடங்கிய புது நிறுவனம். 2012 ஆகஸ்ட் 25 முதல் வோர்டெக்ஸ் என்ற பெயரில் அது ஓடியது, 2014 செப்டம்பர் 27 அன்று நின்றது. பெரிய நெட்வொர்க்குகளில் பழைய பாணிச் சனிக்கிழமைக் கார்ட்டூன் வரிசை என்று சொல்ல அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அந்த இடத்தில் கல்வி விதிக்குக் கணக்குக் காட்டும் நேரடிப் படப்பிடிப்பு நிகழ்ச்சிகள் வந்தன. ஃபாக்ஸ் ஸ்டேஷன்கள் பலவற்றிலும் அந்தச் செப்டம்பரிலேயே அதே வகை நிகழ்ச்சிதான் வந்தது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலில் உரிமை. இதை வெறும் பின்புத்தியாகச் சொல்லவில்லை, தொகைகள் இருக்கின்றன. பவர் ரேஞ்சர்ஸை டிஸ்னியிடமிருந்து 2010-ல் சபான் திரும்ப வாங்கியபோது விலை சுமார் 4.3 கோடி டாலர். 2018-ல் அதையும் வேறு சில பெயர்களையும் சேர்த்து ஹாஸ்ப்ரோ 52.2 கோடிக்கு வாங்கியது. எக்ஸ்-மென் தொடரின் தொடர்ச்சி 2024-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. ரேட்டிங் விழுந்த நேரத்தில் விற்றவர்களுக்கு நேரத்தின் மதிப்பும் நிகழ்ச்சியின் மதிப்பும் ஒன்றாகவே தெரிந்தன. நேரத்தின் மதிப்பு உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தது, நிகழ்ச்சியின் மதிப்பு அப்படி இல்லை. மொத்தத்தையும் விற்றாலும் ஒன்றிரண்டு தொடர்களின் பங்கை மட்டும் பிடித்து வைத்திருக்கலாம், 530 கோடி பேரத்தில் அதற்கு இடம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஸ்டேஷன்களின் பங்கு அடுத்தது. 1998-ல் அதை எடுத்ததால் நெட்வொர்க்குக்கு லாபம் கூடியது, ஆனால் ஒளிபரப்பில் அக்கறை உள்ள ஒரே கூட்டாளி போய்விட்டார். 2002-ல் வாடகையில் ஒரு சின்னப் பங்கை ஸ்டேஷன்களுக்குக் கொடுத்திருந்தால் மேலாளர்கள் குறைந்தபட்சம் பேச்சுக்காவது உட்கார்ந்திருப்பார்கள்.

குத்தகை ஒப்பந்தத்தில் எத்தனை வீடுகளுக்குப் போகிறதோ அதற்கேற்ப வாடகை ஏறி இறங்கும்படி வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் நிலையான வாடகை, இன்னொரு பக்கம் மூன்றாம் ஆள் கையில் இருக்கும் ஒளிபரப்பு என்றால் தகராறு எப்போது வரும் என்பது மட்டும்தான் கேள்வி. கூடவே, அதே நேரத்தில் வேறு நெட்வொர்க்கில் இன்னொரு குழந்தைகள் வரிசை நடத்தக் கூடாது என்று ஒரு விதியும் 2006 நீட்டிப்பில் கேட்டிருக்கலாம். வாடகையைக் குறைத்துக் கொடுக்கும்போது பதிலுக்குக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இதெல்லாம் செய்திருந்தால் கார்ட்டூன் தப்பித்திருக்குமா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். ஏபிசி டிஸ்னிக்கே சொந்தம், நிகழ்ச்சிகளும் சொந்தம், ஸ்டேஷன் தகராறும் இந்த அளவுக்கு இல்லை, அதுவே 2011-ல் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூனை நிறுத்தியது. வித்தியாசம் என்னவென்றால் டிஸ்னி நிறுத்தியபோது அதன் தொடர்கள் அதன் சொந்தக் கேபிள் சேனல்களில் ஓடிக்கொண்டேதான் இருந்தன.